ஸ்ரீயின் நினைவாக ஒரு மரவாங்கு

வாரக்னபீல்
6 ஜனவரி 2025

பூசணிக்கு,

நீர் தொலைபேசியை எடுக்கவில்லை. நாலு தரம் அடித்துப் பார்த்துவிட்டேன். சரி, கோபம் என்றால் எழுதுவதுதானே எங்கள் வீட்டுச் சட்டம். மகள் சுலக்சனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கு முன்னால் சண்டை பிடிக்கக் கூடாது என்று நீர்தான் அந்தச் சட்டத்தைப் போட்டீர். இன்றைக்கு அவள் சிட்னியில் தன் பிள்ளைக்கு முன்னாலேயே புருசனோடு கத்திச் சண்டை பிடிக்கிறாள். நாங்கள் இரண்டு கிழடுகளும் இன்னும் பிரிஜ் கதவில் கடிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை பிரிஜ் முந்நூற்றைம்பது கிலோமீற்றர் தள்ளி நிற்பதால் மஞ்சள் எக்ஸ்பிரஸ் உறை வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “அந்தக் காஞ்ச புல்லையும் சீமெந்துக் களஞ்சியத்தையும் பாக்க நான் வரமாட்டன். ஊரெல்லாம் கடற்கரை றோட்டுக்குப் போகுது, நீங்களும் அங்கை போங்கோ!” முப்பது வருசம் மெல்பன் கிளேட்டனில் கொங்கிறீற் சிலிண்டர்களை நசுக்கி நசுக்கிப் பலம் பார்த்தவன், ஓய்வு எடுத்த முதல் கோடையில் நல்ல கொங்கிறீற்றைப் பார்க்க ஆசைப்பட்டது ஒரு குற்றமா? உமக்கு ரசனை இல்லை என்று நான் சொன்னது கொஞ்சம் கூடத்தான். அதை மட்டும் திருப்பி எடுக்கிறேன்.

நீர் வந்திருந்தால் உமக்கே பிடித்திருக்கும். அறுவடை முடிந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டின கோதுமைத் தாள், வெள்ளையும் மஞ்சளுமாக. றோட்டு ஒரு வளைவு இல்லாமல் போகிறது. இருபது கிலோமீற்றர் தூரத்திலேயே அடுத்த ஊரின் சைலோ தெரியும், ஆனால் வந்து சேராது. அந்தத் தானியக் களஞ்சியங்களின் சுவரில் ஆறு மாடி உயரத்துக்கு விவசாயிகளின் முகத்தை வரைந்திருக்கிறார்கள். எதிரே வாகனம் வந்தால் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவான். அது வணக்கமாம். நான் முதல் நாள் தேர்தலில் நிற்கிறவன் மாதிரி முழுக் கையையும் ஆட்டினேன். இப்போது விரலுக்கு வந்துவிட்டேன்.

ஒரு ஊரில் பேக்கரி, அடுத்த ஊரில் கிணறு, அதற்கடுத்த ஊரில் ஒரு பழைய உழவு இயந்திரம் என்று நின்று நின்று வருகிறேன். அவசரம் என்ன? இப்படியே இன்று மத்தியானம் கர்ராமில் என்ற இடத்துக்கு வந்தேன். முப்பது வீடு இருக்கும். பழைய பள்ளிக்கூடத்தை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். கம்பளி வெட்டுகிற கத்தரிக்கோல், யாருடையவோ கலியாண உடுப்பு, அவ்வளவுதான். வாசலில் வருகிறவர்கள் பெயர் எழுதுகிற புத்தகம். என் பெயரை எழுதிவிட்டு, மெல்பனில் இருந்து வேறு யாரும் வந்தார்களா என்று பின்பக்கம் பிரட்டினேன். ஆட்கள் வருவது குறைவு, இரண்டு வருசம் பன்னிரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது.

பூசணி, அங்கே தமிழ் எழுத்து. நீல மைப் பேனை. அப்படியே எழுதுகிறேன்:

“19.1.2023. வெயில் கொல்லுது. இலையான் முகத்திலை மொய்க்குது. ஆனால் எங்கை போறாய், ஏன் போறாய் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. நல்லா இருக்கு. நாகபூசணி, கிளென் வேவர்லி.”

எனக்குக் கை கால் குளிர்ந்துவிட்டது. நாற்பத்திரண்டு பாகை வெயிலில்! காவலுக்கு இருந்த கிழவர் பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து தந்தார். முப்பது வருசமாகப் பிரிஜ் கதவில் வாசித்த கையெழுத்து எனக்குத் தெரியாதா?

2023 ஜனவரியில் நான் அண்ணரின் கோயில் கும்பாபிசேகத்துக்கு யாழ்ப்பாணத்தில் நின்றேன். நீர் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் வீட்டில் நிற்பதாகச் சொன்னீர். நீர் கார் ஓட்டமாட்டீர். கர்ராமிலுக்குப் பஸ் இல்லை.

யாரோடு வந்தீர்? இந்த மோட்டலில் ஞாயிறு வரை நிற்கிறேன். விலாசம் உறைக்குப் பின்னால் இருக்கிறது.

ஸ்ரீகாந்தன்


கிளென் வேவர்லி
8 ஜனவரி 2025

சுலக்சனாவின் அப்பாவுக்கு,

என் எழுத்துத்தான். தமிழில் எழுதினால் அந்தக் காட்டில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எழுதினேன். வாசிக்கக்கூடிய ஒரே ஆள் தேடிப்போய் நிற்பீர்கள் என்று கண்டேனா?

யாரோடு என்று கேட்கிறீர்கள். இந்த வயதில் அந்தக் கேள்வி. ஒருவரோடும் இல்லை. எங்கள் காரில், நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

எனக்கு 2019 இல் இருந்து லைசன்ஸ் இருக்கிறது. மல்கிரேவில் யாமினி என்று ஒரு பிள்ளை பெண்களுக்கு ஓட்டப் பழக்குகிறாள். செவ்வாய்க்கிழமை பஜனை, பஜனை என்று போனது அங்கேதான். சுலக்சனாவுக்குத் தெரியும். லைசன்ஸ் அரிசி வாளிக்குள் இருந்தது. நீங்கள் ஒரு நாளும் அந்த வாளியைத் திறந்ததில்லை. இரண்டாம் முறையில் பாஸ் பண்ணினேன். உங்களுக்கு நாலு முறை சென்றது என்று ஞாபகம்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீங்கள் பக்கத்துச் சீற்றில் இருந்து பிரேக் பிடிப்பீர்கள். “பாத்து, பாத்து” என்பீர்கள். ஒரு கிழமையில் கார்த் திறப்பு உங்கள் பொக்கற்றுக்குள் போயிருக்கும்.

சரி. கேட்டதுக்கு மறுமொழி சொல்லிவிட்டேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இதோடு திரும்பி வாருங்கள். அல்லது தெற்கே போங்கள், மலைப்பக்கம் போங்கள், விரும்பிய இடத்துக்குப் போங்கள். வடக்கே வரிங்கப் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே மட்டும் போக வேண்டாம். நான் உங்களோடு வரமாட்டேன் என்று நின்றதும் அந்த ஊரால்தான்.

காரணம் கேட்காமல் ஒரு முறை என் சொல்லைக் கேளுங்கள். செவ்வாய் பொங்கல். அதற்குள் வந்துவிடுங்கள்.

நாகபூசணி


வரிங்கப்
14 ஜனவரி 2025, தைப்பொங்கல்

நாகபூசணிக்கு,

போக வேண்டாம் என்றீர். வந்துவிட்டேன். அப்படி எழுதினால் எந்த மனுசன் போகாமல் இருப்பான்?

ஒரே ஒரு தெரு. ஒரு சைலோ, ஒரு பப், மூடின வங்கி, றெயில் வராத றெயில் நிலையம். நிலையத்தைத்தான் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் திறப்பார்களாம். நான் இன்று காலை பத்து மணிக்குப் போய்விட்டேன். பூட்டியிருந்தது. வாசலில் ஒரு பெப்பர்கோர்ன் மரம், கீழே மூன்று பேர் சாய்ந்து குந்தக்கூடிய ஒரு மரவாங்கு. நல்ல நிழல். பொங்கலன்று பொங்கல் இல்லாமல், பேக்கரியில் வாங்கின இறைச்சிப் பேஸ்றியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதுகில் ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒரு பித்தளைத் தகடு. இங்கிலீசில் இருந்ததை உமக்குத் தமிழில் எழுதுகிறேன்.

“ஸ்ரீயின் நினைவாக. பூசணியின் அன்புக் கணவர். வர வேண்டும் வர வேண்டும் என்றே இருந்தவர்.”

மூன்று தரம் வாசித்தேன். ஸ்ரீ என்று ஆயிரம் பேர் இருக்கலாம். பூசணி என்று இந்தக் கண்டத்தில் எத்தனை பேர்? பேஸ்றி கையில் இருந்து விழுந்து எறும்பு மொய்த்தது. எழும்பவும் பயம், இருக்கவும் பயம். என்னுடைய நினைவு வாங்கில் நானே குந்திக்கொண்டிருக்கிறேன்! தைப்பொங்கலன்று!

அப்போது திறப்புக் கோர்வையோடு ஒரு மனுசி வந்தார். எழுபது வயது இருக்கும், வைக்கோல் தொப்பி. ஹெதர் என்று பெயர். என் முகத்தைப் பார்த்ததும், “நீங்கள் பூசணியின் ஆளா?” என்று கேட்டார். இந்த ஊருக்கு எங்கள் நிறத்தில் வேறு யார் வருகிறார்கள்? பிறகு நிற்கவேயில்லை. பூசணி எப்படி இருக்கிறாள், பாவம், கணவர் போய் ஒரு வருசம்கூட ஆகாமல் தனியாக வந்தாள், ஒன்பது நாள் எங்களோடு இருந்தாள், வயலில் தீ பிடித்தபோது தீயணைக்கப் போன அவ்வளவு பேருக்கும் ஏதோ ஒரு காரமான பலகாரம் சுட்டுத் தந்தாள், இந்த ஊர் மறக்காது, அதுதான் அவள் போன பிறகு எல்லோருமாகச் சேர்ந்து இந்த வாங்கைப் போட்டோம்.

நான் வாயைத் திறந்தேன். செத்தது நான்தான் என்று சொல்ல வார்த்தை தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் அடுத்த நிமிசம் நீர் இந்த ஊரில் பொய்க்காரி. அந்த மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு முடியவில்லை. நான் செத்தவருடைய தம்பி என்று சொல்லிவிட்டேன்.

உடனே என்னைக் கட்டிப் பிடித்தார். என்னுடைய சாவுக்கு என்னிடமே துக்கம் விசாரித்தார், பூசணி! உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தித் தேத்தண்ணியும் கேக்கும் தந்தார். செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி வாங்கிக் குடித்தேன். பிறகு புத்தகத்தைக் கொண்டுவந்து, இதிலே அவள் என்னவோ எழுதினாள், எங்களுக்கு விளங்கவில்லை, நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள் என்றார்.

“27.1.2023. ஒன்பது நாள். முப்பத்திரண்டு வருசத்திலை இப்பிடி நான் மூச்சு விட்டதில்லை. திரும்பிப் போகத்தான் வேணுமோ?”

ஊர் மிகவும் வடிவு என்று எழுதியிருக்கிறாள் என்று ஹெதருக்குச் சொன்னேன்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. அந்த வருசம் நீர் கரம் டவுன்ஸ் கோயிலில் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் இருபத்தொரு வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தீர். என் மனுசிக்கு என்னில் எவ்வளவு உயிர், பார் என்று நான் சிநேகிதன் விக்னராஜாவிடம் பெருமை அடித்தேன். அது பரிகாரமா? கட்டின மனுசனை உயிரோடு சாகக் குடுத்துவிட்டு, ஐயரிடம் போய் ஆயுள் கேட்டீரா?

நான் என்ன செய்தேன் உமக்கு? குடித்தேனா, அடித்தேனா, இன்னொருத்தியைப் பார்த்தேனா? என்ன குறை என்று எழுதும். பப்புக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். மறுமொழி வராமல் நான் இங்கே இருந்து அசையமாட்டேன்.

ஸ்ரீகாந்தன்
(உயிரோடு)


கிளென் வேவர்லி
16 ஜனவரி 2025

சுலக்சனாவின் அப்பாவுக்கு,

வாங்கு போட்டது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினித் தரையிலேயே இருந்துவிட்டேன். உங்கள் பெயரைப் பித்தளையில் வெட்டி வைத்திருக்கிறார்களே. கேட்டுக்கொண்டிராமல் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு ஊரிலும் உண்மையைத்தான் சொன்னேன். மனுசன் ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். மோட்டலில் அறை கேட்டால் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள், கணவர் காரை நிறுத்துகிறாரா என்று. பிறகு முழுக்க உங்களைப் பற்றித்தான் கதை. அவருக்கு என்ன வேலை, எப்போது வருவார், தனியப் போக எப்படி விட்டார். நானூறு கிலோமீற்றர் ஓட்டிக்கொண்டு வந்தது நான். கேட்பது உங்களை.

வரிங்கப்பில் காரின் றேடியேற்றர் ஒழுகியது. சாமான் வர ஒரு கிழமை என்றான் கராஜ்காரன். தெருவில் நின்றேன். ஹெதர் வந்து, கணவர் எங்கே என்று கேட்டாள். செத்துப்போனார் என்றேன். வாய் தவறி வரவில்லை. ஒரு நிமிசம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். இந்தப் பக்கம் வர வேண்டும் என்றே இருந்தவர் என்றும் கூட்டிச் சொன்னேன்.

அவள் உங்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. “இனி நீ என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டாள். ஐம்பத்தேழு வயதில் முதல் தரம் ஒரு ஆள் என்னிடம் அதைக் கேட்டது.

சொன்ன உடனே தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டேன். சட்டைக்குள் இருந்தது, அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு முழுதும் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. உங்களுக்கு வட்ஸ்அப்பில் எடுத்து, சாப்பிட்டீர்களா, இருமல் இருக்கா என்று இரண்டு தரம் கேட்டேன். என்ன இண்டைக்குப் புதுசாய்க் கரிசனை எண்டு சிரித்தீர்கள். ஆனால் அடுத்த நாள் காலமை எழும்பினபோது உடம்பு லேசாக இருந்தது. பாவம் செய்தவளுக்கு அப்படி இருக்கலாமா? அதற்குத்தான் பயந்தேன். அர்ச்சனை அதற்குத்தான்.

தீ பிடித்தது நாலாம் நாள். கடலைப் பருப்பு அங்கே ஏது? மஞ்சள் பட்டாணிப் பருப்பு இருந்தது, ஊறப்போட்டு இருநூறு வடை சுட்டேன். கரி பூசின முகத்தோடு ஆம்பிளைகள் வந்து, இன்னும் இருக்கா என்று கேட்டார்கள்.

ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

1998 இல் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டேனே, ஞாபகம் இருக்கா? வெளிநாட்டில் படித்த நேர்ஸ்மாருக்கு மூன்று மாதப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. யாழ்ப்பாணத்தில் ஆறு வருசம் வார்ட்டில் நின்றவள் நான். தொலைபேசியில் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். நல்லாச் செய்கிறாய், கடிதம் வரும் என்று அங்கத்தைய தலைமை நேர்ஸ் சொன்னா. ஆறு கிழமை ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைப் பார்த்தேன். வரவில்லை. என் இங்கிலீசு காணாது என்று விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு இடத்துக்கும் எழுதவில்லை. முதியோர் இல்லத்து லோன்றியில் இருபத்திரண்டு வருசம் விரிப்புத் தோய்த்தேன்.

என்னை எடுத்திருந்தால் எங்கே இருந்திருப்பேன் என்று ஒரு முறை பார்க்க ஆசை. அதுதான் போனேன். அந்த ஆஸ்பத்திரிக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, உடுப்பு மாற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

புத்தகத்தில் எழுதினது அன்றைக்கு உண்மை. ஆனால் வந்தேன்தானே? நீங்கள் முப்பத்தோராம் தேதி வருகிறீர்கள், வீட்டில் ஒரு மரக்கறி இல்லை என்று ஓட்டிக்கொண்டு வந்தேன்.

உங்களைச் சாகக் குடுத்ததுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மனமாரக் கேட்கிறேன். ஓட்டினதுக்கும் போனதுக்கும் கேட்கமாட்டேன்.

நாகபூசணி


வரிங்கப்
20 ஜனவரி 2025

பூசணி,

உமது கடிதம் இன்று மத்தியானம் வந்தது. பப்காரப் பெடிச்சி மேலே கொண்டுவந்து தந்தாள். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் பிரித்தேன். முதல் இரண்டு பக்கத்துக்கும் என்ன மறுமொழி எழுதுவது என்றுகூட மனதுக்குள் அடுக்கிவிட்டேன். மூன்றாம் பக்கத்தோடு எல்லாம் போய்விட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

காரை எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் நின்றேன். நீர் எந்த இடத்தில் நிறுத்தினீரோ தெரியாது. எனக்கு இறங்கக் கால் வரவில்லை.

திரும்பி வந்தபோது ஹெதர் றெயில் நிலைய வாசலில் பூமரத்துக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்து என்னவோ நினைத்திருக்க வேண்டும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அந்த வாங்கிலேயே என் பக்கத்தில் இருந்தார். “உன் அண்ணர் எப்படிப்பட்ட மனுசன்? பூசணி அவரைப் பற்றி அதிகம் ஒன்றும் சொல்லவில்லை,” என்று கேட்டார். நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? செத்தவனைப் பற்றி யாரும் அப்படித்தானே சொல்வார்கள்.

எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. ஒரு விசயம் சொன்னேன். இத்தனை வருசமாக ஒரு மனுசருக்கும் சொல்லாதது. அண்ணர் செய்தது என்று சொல்லிக்கொண்டு போகையில் அழுதுவிட்டேன், அந்த மனுசி என் தோளைத் தட்டிக்கொண்டு இருந்தார். அதைத்தான் உமக்கும் சொல்லவேண்டும். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். எழுத்தில் வரவில்லை, பூசணி. நேரில் வந்து உமக்கு முன்னால் இருந்து சொல்கிறேன். நீர் அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் கேட்பேன்.

வருகிற திங்கள் விடுமுறை, றோட்டெல்லாம் சனமாக இருக்கும். அடுத்த புதன் புறப்படுகிறேன். அதுவரை வீட்டில் நில்லும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூச்சு விட்டதில்லை என்று எழுதினீரே, இன்றைக்கும் அப்படித்தானா? ஓம் என்றால் ஓம் என்று எழுதும். நான் தாங்குவேன்.

ஸ்ரீ


கிளென் வேவர்லி
23 ஜனவரி 2025

உங்களுக்கு,

இரண்டு உறை ஒன்றாகப் பெட்டிக்குள் கிடந்தன. ஒன்று உங்களுடையது. மற்றது ஹெதருடையது. அவளுக்கு என் விலாசம் தெரியும், ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்புகிறவள். நான் அவளுடையதைத்தான் முதலில் பிரித்தேன்.

நீங்கள் நேரில் வந்து சொல்லத் தேவையில்லை. அவள் எழுதிவிட்டாள்.

உன் மைத்துனர் வந்தார், நல்ல மனுசன், அண்ணரை நினைத்து அழுகிறார் என்று தொடங்குகிறது. பிறகு இப்படி இருக்கிறது: “1998 இல் ஆஸ்பத்திரியில் இருந்து உனக்குக் கடிதம் வந்ததாம். உன்னை எடுத்திருந்தார்களாம். உன் கணவர் அதைப் பெட்டியில் இருந்து எடுத்து, வேலைத்தலத்தில் தன் மேசை லாச்சிக்குள் வைத்தாராம். தனக்கு அப்போதுதான் நிரந்தர வேலை கிடைத்ததாம், மனைவி அங்கே போனால் தானும் போகவேண்டி வரும் என்று பயந்தாராம். சேரவேண்டிய நாள் கழியும் மட்டும் வைத்திருந்துவிட்டுக் கிழித்தாராம். உன் பாவப்பட்ட கணவரால் இனி இதை உனக்குச் சொல்ல முடியாது. நீ உன்னைக் குறைவாக நினைத்துக்கொண்டே இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.”

வாசித்தேன். விளங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து திரும்ப வாசித்தேன். எடுத்திருந்தார்கள் என்ற சொல்லை மட்டும் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. அடுப்பில் சோறு கரிந்து, புகைக்கு அடிக்கிற மணி அடித்துப் பக்கத்து வீட்டுச் சீனத்தி ஓடிவந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். என்னை எடுத்திருக்கினம் என்றேன். அவளுக்கு என்ன தெரியும் பாவம், நல்ல செய்தியாக்கும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஹெதருக்கு ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. நான் அழுதபோது நீங்கள் இதே மேசையில் இருந்தீர்கள். கடிதம் உங்கள் லாச்சிக்குள். என் தலையைத் தடவினீர்கள். “பரவாயில்லை, நீர் இங்கிலீசைக் கொஞ்சம் திருத்தும்,” என்றீர்கள். அதை மறந்தீர்களா, அல்லது செத்த அண்ணர் மேல்கூட அதைப் போட உங்களுக்கு மனம் வரவில்லையா?

அந்தச் சொல்லோடு நான் இருபத்தேழு வருசம் வாழ்ந்தேன். சுலக்சனாவின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. டொக்டரிடம், வங்கியில், எல்லா இடத்திலும் நீங்கள் கதைத்தீர்கள், நான் பக்கத்தில் நின்றேன். லோன்றியில் சூப்பர்வைசர் வேலைக்குக் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். என் இங்கிலீசு காணாது என்றேன்! நான் சொன்ன பொய்யால் உங்களுக்கு நிழலில் ஒரு வாங்கு கிடைத்தது. உங்கள் பொய்யால் எனக்கு என்ன கிடைத்தது என்று அந்த லோன்றியில் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு அழுகை வந்தது நல்லது. நேரில் சொல்லத்தான் இருந்தீர்கள் என்பதையும் நம்புகிறேன். ஆனால் சொல்வதற்கு நீங்கள் சாகவேண்டியிருந்தது.

கேள்விக்கு மறுமொழி கேட்டீர்கள். ஓம்.

ஹெதரின் கடிதத்தின் கீழே இரண்டு வரி இருந்தது. அவர்கள் ஊர் முதியோர் இல்லத்துக்கு ஆள் கிடைக்காமல் அந்தரப்படுகிறார்களாம், பராமரிப்பு உதவியாளருக்கான படிப்பையும் அவர்களே தருவார்களாம், வயது பார்க்கமாட்டார்களாம். நான் அந்த இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். சுலக்சனாவைக் கேட்கவில்லை. என்ன சொல்வது என்று முதலில் எழுதி வைக்கவும் இல்லை. இருபது நிமிசம் இங்கிலீசில் கதைத்தேன். மறுபக்கத்தில் கதைத்த பிள்ளை ஒரு முறைகூடத் திருப்பிச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்கவில்லை.

பெப்ரவரி மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் மூன்று மாதம். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, என்னைக் கேட்கவும் வேண்டாம். பஸ்ஸில் போகிறேன், ஹோர்ஷமுக்கு வந்து ஏற்ற ஹெதரைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் புதன்கிழமை வீட்டுக்கு வாருங்கள். நான் அதற்குள் யாமினி வீட்டுக்குப் போயிருப்பேன். பிரஷர் மாத்திரை வழமையான இடத்தில் இருக்கிறது, காலமை ஒன்று, மறக்க வேண்டாம். எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், வாசிப்பேன்.

ஹெதருக்கும் இன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன். என் மனுசன் சாகவில்லை, வந்து அழுதவர் தம்பி இல்லை, அவர்தான் என்று எழுதினேன். நான் பொய் சொன்னேன் என்றும், மன்னித்தால் அறையைத் தா என்றும் கேட்டிருக்கிறேன். ஒரு ஆளுக்குத்தான் அறை வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

நாகபூசணி